குப்பனூர் வழியாக வந்த பத்மினி

பென்சனுக்கு இடது தோள் இறுகிப்போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. சட்டை மாட்டுவதற்கே மனைவி ஜெபசீலி கை கொடுக்க வேண்டியிருந்தது. ஓசூரில் பார்த்த எலும்பு டாக்டர் தினமும் செய்ய ஐந்து பயிற்சிகளை எழுதிக் கொடுத்துவிட்டு, சரியாகும்வரை கார் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் இருந்த பென்சனுக்குக் கம்பெனி பஸ் வீட்டு முனைக்கே வரும். அதனால் வேலைக்குப் போய்வருவதில் சிரமம் இல்லை. பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை ஏற்காட்டில் நடக்க இருந்த பழைய கார்க்காரர்கள் சந்திப்புக்குப் போக முடியாதே என்பதுதான் அவருடைய குறை.

அவரிடம் 1979ஆம் வருடத்துப் பத்மினி கார் ஒன்று இருந்தது. வெளிர்பச்சை நிறம். ஆறு வருடத்துக்கு முன் பெங்களூரில் ஒரு வீட்டு ஷெட்டில் டயர்கள் தரையோடு ஒட்டிக் கிடந்ததை வாங்கி வந்தார். சர்ச்சுக்குப் போய்வந்த நேரம் போக மீதி ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதன் அடியில் படுத்தே கழித்து, இரண்டு வருடத்தில் ஓட வைத்துவிட்டார். அந்தக் காரில் கியர் கீழே இருக்காது. ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் ஒரு தண்டாக நீட்டிக்கொண்டிருக்கும். இடது கையைத் தூக்கி அதை ஏற்றி இறக்க வேண்டும். பென்சனால் முடியாத காரியம் சரியாக அதுதான்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஜெபசீலி, "நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல ஒக்காந்துக்கங்க," என்றாள்.

பதில் சொல்ல பென்சன் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். ஜெபசீலி கார் ஓட்டத் தெரியாதவள் அல்ல. ஒயர் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசர். வீட்டிலிருந்த சின்னக் காரை ஒன்பது வருடமாகத் தினமும் வேலைக்கு ஓட்டிப் போகிறாள். நாற்பத்தாறு பெண்களை வைத்து ஒரு ஷிப்டை நடத்துகிறவள். ஆனால் பத்மினியை அவள் தொட்டதில்லை. தொடச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை.

மூன்றாம் நாள் பென்சன் சம்மதித்தார். அதன்பின் மூன்று ஞாயிற்றுக்கிழமை பாகலூர் ரோட்டில் பயிற்சி நடந்தது. காரையே பார்த்திராத ஒருவருக்குச் சொல்லித்தருவதைப் போல அவர் சொல்லித்தந்தார். கிளட்சை எவ்வளவு மெதுவாக விட வேண்டும், செகண்டுக்குப் போகும்போது தண்டை எங்கே ஒரு மூச்சு நிறுத்த வேண்டும், மேட்டில் எந்தச் சத்தம் வந்தால் எந்தக் கியர் என்றெல்லாம். என்ஜின் கொதித்தால் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது, தன்னைக் கூப்பிட வேண்டும் என்று மட்டும் பத்துத் தடவைக்கு மேல் சொன்னார். ஜெபசீலி எல்லாவற்றுக்கும் சரி என்றாள். தன்னிடம் புதிதாக வேலைக்குச் சேரும் பெண்கள் இப்படித்தான் சரி சரி என்பார்கள் என்று அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருந்தது.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஓசூரிலிருந்து ஏழு கார்கள் கிளம்பின. சங்கத்தின் செயலாளர் குருமூர்த்தி தன் அம்பாசடரை முன்னால் விட்டார். அவர் எதையும் எழுதிவைத்துச் செய்கிறவர். யார் பின்னால் யார், எங்கே டீ, எங்கே டிபன் என்று ஒரு தாள் அடித்து எல்லோருக்கும் கொடுத்திருந்தார். யாரும் யாரையும் முந்தக் கூடாது, சொல்லாமல் வரிசையை விட்டு விலகக் கூடாது என்பது அதில் முதல் வரி. அவர் மனைவி சுகுணா அந்தத் தாளை விசிறியாக மடித்துக் கையில் வைத்திருந்தாள். பத்மினிக்கு ஏழாவது இடம், கடைசி.

ஓசூர் தாண்டுவதற்குள்ளேயே பென்சன் ஆரம்பித்துவிட்டார். லாரி வருது, பிரேக்கை இப்பவே மிதி. தேர்டுக்கு மாத்து. இல்ல, இன்னும் கொஞ்சம் போகட்டும். அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. முடியாத இடது கை தன்னால் எழும்பி, வலியில் முகம் சுளித்து இறங்கியது. ஜெபசீலி முதல் பத்துக் கிலோமீட்டர் பதில் சொன்னாள். அடுத்த பத்தில் தலையாட்டினாள். அதற்கடுத்து எதுவும் செய்யவில்லை. ஒரு பஸ்ஸை முந்தப் போனபோது அவர் "வேணாம் வேணாம்" என்று ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கையை நீட்டினார். வண்டி ஒரு முழம் விலகித் திரும்பியது. பின்னால் வந்த லாரிக்காரன் நீளமாக ஹாரன் அடித்தான்.

சூளகிரியில் டீக்காக எல்லோரும் நிறுத்தினார்கள். ஜெபசீலி என்ஜினை அணைத்தாள். இறங்கவில்லை.

"என்னங்க, இங்கிருந்து நீங்க குருமூர்த்தி அண்ணன் வண்டில வாங்க," என்றாள்.

பென்சன் விளையாட்டு என்று நினைத்து அவள் முகத்தைப் பார்த்தார். விளையாட்டு இல்லை.

"ஏன் சீலி? நான் என்ன பண்ணன்?"

"ஒண்ணும் பண்ணல. பக்கத்துல நீங்க இருந்தா ரெண்டு பேரு ஓட்டற மாதிரி இருக்குது. ஒரு ஸ்டியரிங்க ரெண்டு பேரு ஓட்டுனா வண்டி எங்கயாவது போய் முட்டும்."

வண்டிக்கு ஏதாவது ஆகிவிடப் போகிறது என்றார் அவர். ஆகாது என்றாள் அவள். பென்சன் கதவைத் திறந்து இறங்கி, வழி பார்ப்பதற்காகக் கையில் வைத்திருந்த அவளுடைய போனை யோசிக்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அம்பாசடரை நோக்கி நடந்தார். முதுகு கோபமாக இருந்தது. சுகுணா தன் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு வேறொரு காரில் ஏறிக்கொண்டாள்.

கிருஷ்ணகிரி டோல்கேட்டில் ஆறு கார்களும் மளமளவென்று போய்விட்டன. ஜெபசீலியின் வரிசையில் மட்டும் முன்னால் நின்ற ஒரு டிரெய்லர் லாரி கிளம்ப மாட்டேன் என்றது. பத்து நிமிடம் கழித்து அவள் வெளியே வந்தபோது முன்னால் ஒரு பழைய காரும் தென்படவில்லை. டிபனுக்குத் தர்மபுரியில் நிற்பார்கள், பிடித்துவிடலாம் என்று அவள் பதறாமல் ஓட்டினாள். ஆள் இல்லாத பக்கத்து சீட்டை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். குற்றவுணர்ச்சி வருகிறதா என்று பார்த்தாள். அவ்வளவாக வரவில்லை.

பைபாஸ் ஓரத்தில் ஒரு கம்பெனி பஸ் பின்பக்கம் திறந்தபடி நின்றுகொண்டிருந்தது. டிரைவர் உள்ளே தலையை விட்டிருந்தார். நீலக் கோட்டு போட்ட பெண்கள் பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள். அவர்களில் ஒருத்தி ஷேர் ஆட்டோவை நிறுத்துகிற மாதிரி ரோட்டுக்கே வந்து கையை நீட்டினாள். ஜெபசீலி நிறுத்தினாள்.

கை நீட்டியவள் பேர் ராஜாத்தி. நாற்பது வயதிருக்கும். போச்சம்பள்ளி சிப்காட்டில் வேலை. பஸ் பெல்ட் அறுந்துவிட்டது, வேறு பஸ் வர ஒரு மணி நேரமாகும் என்றாள். அவளுக்கும் மற்றவர்களுக்கும் அவசரமில்லை. கம்பெனி பஸ்ஸே லேட் ஆனால் யாரும் கேட்கப் போவதில்லை. அவள் பக்கத்தில் நின்ற சுவாதி என்ற சின்னப் பெண்ணுக்குத்தான் அவசரம். ஒன்றரை வருடமாகப் பயிற்சியில் இருப்பவள். வேலையை நிரந்தரமாக்கும் தேர்வு அன்றைக்கு ஒன்பது மணிக்கு. சென்னையிலிருந்து வந்திருப்பவர்கள் தேர்வை முடித்துவிட்டு மத்தியானமே கிளம்பிவிடுவார்களாம்.

"அக்கா, எங்கியாவது ஆட்டோ கெடைக்கிற எடத்துல எறக்கி உட்டா போதும்," என்றாள் ராஜாத்தி.

மணி ஏழு ஐம்பத்தைந்து. ஜெபசீலிக்குத் தேர்வு என்றால் என்னவென்று தெரியும். அவள் லைனிலேயே வருடத்துக்கு இரண்டு தடவை நடக்கும். நேரத்துக்கு வராத பெண்ணின் பேருக்கு நேராகக் கோடு போட்டுவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டிருக்கிறாள். பிறகு மெஸ்ஸில் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதையும் பார்த்திருக்கிறாள். குருமூர்த்தியின் தாள் டேஷ்போர்டில் கிடந்தது. அவள் அதைப் புரட்டிப் போட்டுவிட்டு, ஏறச் சொன்னாள்.

சுவாதி ஏறினாள். துணைக்கு ராஜாத்தி ஏறினாள். அவர்கள் ஏறுவதைப் பார்த்து இன்னும் மூன்று பேர் ஏறினார்கள். முன் சீட் பெஞ்சு மாதிரி ஒரே நீளமாக இருந்ததால் முன்னால் மூன்று, பின்னால் மூன்று என்று எல்லோரும் அடங்கினார்கள். பின்சக்கரம் ஒரு அங்குலம் தாழ்ந்தது.

மத்தூர் ரோட்டில் ராஜாத்தி வழி சொன்னாள். நடுநடுவே போனில் யாருக்கோ தெலுங்கில், தான் சினிமாக்காரர்கள் வண்டியில் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னாள். ஷூட்டிங்குக்குத்தான் போகிறீர்களா என்று ஜெபசீலியிடமும் கேட்டாள். இது எங்க சொந்த வண்டி, வீட்டுக்காரர் ரிப்பேர் பண்ணியது என்றதும், ஏன் புதுசு வாங்கவில்லை என்று பின்சீட்டிலிருந்து ஒருத்தி கேட்டாள். வீட்டில் புதுசும் இருக்கிறது என்று ஜெபசீலி சொன்னபோது அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்கே அதை எப்படி விளக்குவதென்று தெரியவில்லை.

சுவாதி மட்டும் பேசாமல் வந்தாள். ஜெபசீலி ரோட்டைப் பார்த்தபடியே என்ன தேர்வு என்று கேட்டாள். சால்டரிங், ஈயம் உருக்கி ஒயரை ஒட்டுவது என்றாள் அவள். இருபது நிமிடத்தில் முப்பது இணைப்பு.

"மொத அஞ்சு நிமிஷம் வேகம் பாக்காத," என்றாள் ஜெபசீலி. "கை சூடாவட்டும். பாக்கறவங்க கடிகாரத்தப் பாத்துக்குவாங்க, நீ வேலையப் பாரு. நடுங்குச்சுன்னா முழங்கைய மேசைல ஊணிக்க."

சுவாதி தலையாட்டினாள். கொஞ்சம் கழித்து, முழங்கையை ஊன்றக் கூடாது என்றுதானே எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள் என்றாள். எங்கள் லைனிலும் அப்படித்தான் சொல்லித்தருவோம், ஆனால் நன்றாகச் செய்கிறவர்கள் எல்லோரும் ஊன்றிக்கொள்வார்கள் என்று ஜெபசீலி சொன்னதும் காரே சிரித்தது. சுவாதியும் சிரித்துவிட்டாள்.

எட்டு ஐம்பதுக்குத் தொழிற்சாலை வாசல் வந்தது. செக்யூரிட்டி வெளிர்பச்சை வண்டியைப் பார்த்து யாரோ பெரிய ஆள் என்று நினைத்து கேட்டை முழுசாகத் திறந்து சல்யூட் வைத்தார். உள்ளிருந்து ராஜாத்தி இறங்கியதும் அவர் கை பாதியில் நின்றது. சுவாதி நன்றிகூடச் சொல்லாமல் ஓடினாள். ஓடிப் போனவள் திரும்பி வந்து தன் போனை நீட்டி, உங்க நம்பரை இதில் போடுங்க அக்கா, அப்புறம் கூப்பிடறேன் என்றாள். அப்போதுதான் ஜெபசீலிக்குத் தன் போன் பென்சனிடம் இருப்பது நினைவுக்கு வந்தது. அந்தப் போனிலிருந்தே பென்சனைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. தெரியாத நம்பர் எதையும் அவர் எடுக்க மாட்டார். தன் நம்பருக்குக் கூப்பிட்டாள். அது கம்பெனிப் பழக்கத்தில் எப்போதும் சத்தமில்லாமல்தான் கிடக்கும். போச்சம்பள்ளியிலிருந்து வேறு வழியாக வருகிறேன் என்று தன் நம்பருக்கே ஒரு செய்தி மட்டும் அடித்துவிட்டு, போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

வாசலிலிருந்த டீக்கடையில் வழி கேட்டாள். திரும்பிக் கிருஷ்ணகிரிக்குப் போவது வீண், ஊத்தங்கரை போய் அரூர் வழியாக மஞ்சவாடிக் கணவாய் இறங்கினால் குப்பனூர், அங்கிருந்து ஏற்காட்டுக்கு ஒரு மலைப்பாதை இருக்கிறது, ரோடு சின்னது, ஆனால் கூட்டம் இருக்காது என்றார் கடைக்காரர். இரண்டு பாட்டில் தண்ணீர் வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார்.

ஊத்தங்கரை தாண்டியதும் ரோடு காலியாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடு, நடுவில் மாந்தோப்பு, மாம்பூ வாசனை. பத்மினி ஐம்பதில் போய்க்கொண்டிருந்தது. அதற்கு மேல் போனால் கதவு ஆடியது. கீழே போனால் என்ஜின் முனகியது. ஐம்பதில் எல்லாமே அடங்கி ஒரே சத்தமாக வந்தது. இதைத்தான் இந்த மனுசன் நான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே வைத்தாள். யாரும் உள்ளே எடு என்று சொல்லவில்லை. தண்டைத் தேர்டிலிருந்து டாப்புக்குத் தள்ளும்போது நடுவில் ஒரு மூச்சு நிறுத்தினாள். அவர் சொன்னது சரிதான், வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. அரூரில் ஆறு இட்லி சாப்பிட்டாள். எப்போதும் மூன்றுதான் சாப்பிடுவாள்.

குப்பனூரில் ஏறத் தொடங்கிய மலைப்பாதை கடைக்காரர் சொன்னதைவிடச் சின்னது. மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி நின்றன. செகண்டிலும் ஃபர்ஸ்டிலுமாக அவள் வளைவுகளை ஏறினாள். பாதி மலைக்கு மேல் வந்தபோது என்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போனது. பானெட் ஓரத்திலிருந்து ஆவி கிளம்பியது. ஒரு வளைவு தாண்டி அகலமாயிருந்த இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தாள்.

பானெட்டைத் திறந்தாள். மூடியைத் தொடவில்லை. ஒரு பாறைமேல் உட்கார்ந்தாள். காப்பித் தோட்டத்துக்குப் போகும் ஒரு ஜீப் நின்று, உதவி வேண்டுமா என்று கேட்டது. வேண்டாம், ஆறட்டும் என்று சொல்லி அனுப்பினாள். கீழே சமவெளி புகைமூட்டமாகத் தெரிந்தது. எங்கோ மரங்கொத்தி கொத்தியது. அரை மணி நேரம் இப்படி ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்று கணக்குப் போட முயன்றாள். வரவில்லை. பிறகு துணியை நாலாக மடித்து மூடியைக் கொஞ்சம் திருப்பி, மிச்ச ஆவியை வெளியே விட்டு, இரண்டு பாட்டில் தண்ணீரையும் மெதுவாக ஊற்றினாள். வண்டி ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆனது.

ஏற்காட்டில் சந்திப்பு நடந்த ஓட்டல் மைதானத்துக்குள் அவள் நுழைந்தபோது மணி ஒன்று இருபது. நாற்பது கார் நின்றது. நாகர்கோவிலிலிருந்து இரண்டு நாள் ஓட்டி வந்த ஒரு தம்பதி தங்கள் ஹெரால்டு காருக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். சுகுணா ஓடி வந்தாள்.

"எங்க போனீங்க நீங்க? ரெண்டு பேரும் அடிவாரத்துல நின்னுக்கிட்டு ஒவ்வொரு வண்டியா நிறுத்திக் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

சேலம் அடிவாரத்தில் பதினோரு மணியிலிருந்து பென்சனும் குருமூர்த்தியும் நின்றுகொண்டிருந்தார்கள். செய்தி வந்திருந்த போனைப் பென்சன் பையிலிருந்து எடுத்தே பார்க்கவில்லை. சுகுணா தன் போனில் கணவனைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். குருமூர்த்தி அதைப் பென்சனிடம் கொடுத்தார்.

"நான் மேல வந்துட்டேன். நீங்க எங்க இருக்கீங்க?" என்றாள் ஜெபசீலி.

அந்தப் பக்கம் வண்டிகள் போகிற சத்தம் கேட்டது. அதற்கு நடுவில், "வர்றன்," என்றார் பென்சன்.

ஒரு மணி நேரம் கழித்து அம்பாசடர் வந்தது. பென்சன் இறங்கி நேராகப் பத்மினியிடம் போனார். ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பானெட்டில் கை வைத்தார். அப்புறம்தான் அவள் பக்கம் திரும்பினார்.

"கொதிச்சுதா?"

"ஒரு தடவ."

"என்ன பண்ணுன?"

"ஆறட்டும்னு ஒக்காந்திருந்தன்."

அவர் தலையை ஆட்டினார். அவர் முகம் வெயிலில் கருத்திருந்தது. மத்தியானச் சாப்பாட்டின்போது ஜெபசீலி, ராஜாத்தியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். செக்யூரிட்டி சல்யூட் வைத்த இடத்தில் பென்சன் சிரித்தார். குருமூர்த்திக்குத்தான் மனசு ஆறவில்லை. அடுத்த வருடம் தாளில் இதற்கென்று ஒரு வரி சேர்க்கப்போவதாகச் சொன்னார். பென்சன் தயிர் வாங்கப் போனபோது அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு சொல்றேம்மா. ரெண்டு மணி நேரம் நின்னமே, அவரு ஒரு ஆள்கிட்டகூட பச்ச வண்டின்னு கேக்கல. கண்ணாடி போட்டுக்கிட்டு, காப்பிக் கலர் சேல கட்டின அம்மா ஒருத்தங்க தனியா வந்தாங்களான்னுதான் கேட்டாரு. வண்டி நம்பரச் சொல்லுங்கன்னு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது."

பென்சன் வலது கையில் இரண்டு கிண்ணம் தயிரைச் சிந்தாமல் தூக்கிக்கொண்டு வந்தார். ஜெபசீலி ஒன்றை வாங்கி, அவர் இலையில் முதலில் ஊற்றினாள்.

நாலு மணிக்கு, பென்சன் திருப்பிக் கொடுத்திருந்த போனில் சுவாதி கூப்பிட்டாள். முப்பதில் இருபத்தெட்டு முடித்தாளாம். முடிவு பதினைந்து நாளில் தெரியுமாம். ராஜாத்தி போனைப் பிடுங்கிப் பேசி, அந்த வண்டியை இன்னொரு நாள் கொண்டு வரச் சொன்னாள். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம்.

மறுநாள் காலை எல்லோரும் சேலம் வழியாக வரிசையாகத் திரும்பக் கிளம்பினார்கள். பென்சன் குருமூர்த்தியிடம் போய், நாங்கள் மட்டும் குப்பனூர் வழியாகப் போகிறோம் என்று முறையாகச் சொல்லிவிட்டு வந்தார். பிறகு முன்கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வலி இருந்த கையை மடியில் வைத்து, அதன்மேல் இன்னொரு கையை வைத்துக்கொண்டார்.

மலை இறங்கும்வரை ஓட்டுவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரே ஒரு வளைவில் மட்டும் வலது கால் அசைந்தது. ஜெபசீலி பார்க்காத மாதிரி இருந்தாள். தான் உட்கார்ந்திருந்த பாறையைக் காட்டினாள். அவர் நிறுத்தச் சொல்லி இறங்கி, அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தார். நல்ல இடம் என்றார்.

அரூரில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியதும் அவருக்குக் கண் சொருகியது. ஊத்தங்கரை வருவதற்குள் தலை கதவுப் பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, நன்றாகத் தூங்கிவிட்டார். ஜெபசீலி அவர் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றுவதற்காக ஓரமாக ஒரு நிமிடம் நிறுத்தினாள். பிறகு, அவர் விழித்துவிடாதபடி கிளட்சை மெதுவாக விட்டு, மத்தூர் ரோட்டில் ஓட்டிப் போனாள்.